ரெண்டு கூட்டணியும் ஒரு தடவையாவது மோதிக்கிட்டாங்களா சார்?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய மாணவர் மனைவி, மகளோடு வீட்டுக்கு வந்திருந்தார். 1986-87இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். இப்போது சொந்தமாக லேத் பட்டறை நடத்துகிறார். மகள் கல்லூரியில் வரலாறு எடுத்துப் படிக்கிறாள். காபி குடித்துக்கொண்டிருந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், நான் கேட்ட ஒரு கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

எனக்கு ஞாபகம் இல்லை. அவரே எடுத்துச் சொன்னார். பனிப்போர் பாடம். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்தேனாம். இடப்பக்கம் நேட்டோ, 1949. வலப்பக்கம் வார்சா ஒப்பந்தம், 1955. கீழே நாடுகளின் பெயர்களை வரிசையாக எழுதிவிட்டு, "அஞ்சு மார்க் கேள்வி, அப்படியே மனப்பாடம் பண்ணிடுங்க" என்றேனாம். இவர் எழுந்து நின்று, "இந்த ரெண்டு கூட்டணியும் ஒரு தடவையாவது நேருக்கு நேர் மோதிக்கிட்டாங்களா சார்?" என்று கேட்டாராம். "அது பாடத்துல இல்ல, உட்காரு" என்று நான் உட்கார வைத்துவிட்டேனாம்.

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பதில் தெரியாமல் நான் அவரை உட்கார வைக்கவில்லை. பாதி தெரிந்ததால்தான் உட்கார வைத்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், ஏறக்குறைய நாற்பது வருடம் தாமதமான பதில்.

இல்லை தம்பி. இரண்டு கூட்டணிகளும் ஒரு தடவைகூட ஒன்றோடொன்று போர் செய்யவில்லை. பனிப்போர் நடந்த காலம் முழுவதும் நேட்டோ ஒரு போரிலும் இறங்கவில்லை. வார்சா கூட்டணி ஒரே ஒரு முறை பல நாட்டுப் படைகளைக் கூட்டாக நடத்திக்கொண்டு எல்லை தாண்டியது. போன இடம் எதிரி நாடு இல்லை. தன் சொந்த உறுப்பு நாடான செக்கோஸ்லோவாக்கியா.

இதைப் புரிந்துகொள்ள ஆரம்பத்திலிருந்து வர வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது சோவியத் யூனியன் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்திருந்தது. 1914இல் ஒரு முறை, 1941இல் ஒரு முறை, ஜெர்மன் படைகள் கிழக்கே வந்தன. இனி நமக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் நம் சொல் கேட்கும் நாடுகள்தான் இருக்க வேண்டும் என்று ஸ்டாலின் நினைத்தார். அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நடுவில் இருந்த போலந்துக்காரரையும் ஹங்கேரிக்காரரையும் செக் மக்களையும் யாரும் கேட்கவில்லை. 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியாவும் முழுக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் கைக்குள் வந்தது.

மேற்கில் வேறொரு பயம். போரில் நொறுங்கிப்போன நாடுகளில் பசியும் வேலையின்மையும் தலைவிரித்தாடின. அப்படியே விட்டால் பிரான்சும் இத்தாலியும்கூடக் கம்யூனிஸ்ட் பக்கம் சாய்ந்துவிடும் என்று அமெரிக்கா கணக்குப் போட்டது. 1947இல் கிரீஸுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கொடுத்தது. பிறகு மார்ஷல் திட்டத்தில் சுமார் 1,300 கோடி டாலர். உதவியும்தான், தன் சந்தையைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியும்தான்.

இரண்டு பயங்களும் பெர்லினில் முட்டிக்கொண்டன. அந்த நகரம் சோவியத் பகுதிக்கு உள்ளே இருந்தது. ஆனால் நான்கு வல்லரசுகளும் அதைப் பங்கு போட்டு வைத்திருந்தன. 1948 ஜூனில் மேற்குப் பகுதியில் புதிய நாணயம் வந்ததும், சோவியத் தரப்பு மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் அடைத்தது. உள்ளே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் விமானத்தில் சாமான் இறக்கின. மாவு, பால் பவுடர் மட்டுமல்ல, அதிகம் இறக்கியது நிலக்கரி. 2 லட்சத்து 77 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்கள், ஏறக்குறைய 23 லட்சம் டன். 1949 மே 12இல் அடைப்பு நீங்கியது. மூன்று வருடங்களுக்கு முன்பு குண்டு போட்ட அதே நாடுகள் இப்போது அதே நகரத்துக்குக் கரி கொண்டு வந்தன என்பதைப் பெர்லின்காரர்கள் மறக்கவில்லை.

அந்த அடைப்பு நடந்துகொண்டிருந்தபோதே, 1949 ஏப்ரல் 4இல் வாஷிங்டனில் 12 நாடுகள் நேட்டோவில் கையெழுத்துப் போட்டன. ஐந்தாவது பிரிவுதான் அதன் உயிர்: ஒருவர் மீது விழும் அடி எல்லோர் மீதும் விழுந்த அடி. 1955 மே மாதம் மேற்கு ஜெர்மனியையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில், மே 14இல், சோவியத் யூனியனும் மேலும் 7 நாடுகளும் வார்சாவில் கூடி எதிர்க்கூட்டணி அமைத்தன. இங்கே தளபதி எப்போதும் அமெரிக்கர். அங்கே எப்போதும் சோவியத் தளபதி.

இதுவரை கரும்பலகையில் எழுதியதுதான். எழுதாத ஒன்று உண்டு. இரண்டு ஒப்பந்தங்களிலுமே 20 வருடம் கழித்து முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்று எழுதியிருந்தது. வார்சா ஒப்பந்தத்தின் எட்டாவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், ஒருவர் இறையாண்மையை ஒருவர் மதிப்போம், உள்விவகாரத்தில் தலையிட மாட்டோம் என்றது. தாளில் இரண்டு வீட்டுக்கும் வாசல் இருந்தது. யாராவது வெளியே கால் வைத்தபோது என்ன நடந்தது என்று பார்த்தால்தான் அது நிஜ வாசலா, சுவரில் வரைந்த வாசலா என்று தெரியும்.

முதலில் புடாபெஸ்ட், 1956.

ஹங்கேரியில் சோவியத் படை இருந்ததற்குச் சட்டப்படி சொல்லப்பட்ட காரணம், பக்கத்து ஆஸ்திரியாவில் இருந்த தங்கள் படைக்குப் போக்குவரத்துப் பாதை வேண்டும் என்பது. 1955 மே 15இல் ஆஸ்திரியாவை நடுநிலை நாடாக விட்டு எல்லோரும் வெளியேறுவதாக ஒப்பந்தமானது. அந்தக் காரணம் போய்விட்டது. ஆனால் அதற்கு முந்தைய நாள்தான் வார்சா ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. புதிய காரணம் தயாராக இருந்தது. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நிறையப் புரியும்.

1956 அக்டோபர் 23இல் புடாபெஸ்ட் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். தொழிலாளிகளும் சேர்ந்துகொண்டார்கள். அன்று இரவே ஸ்டாலின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள், முழங்கால் வரைக்கும் பூட்ஸ் மட்டும் பீடத்தில் நின்றது. இம்ரே நாஜ் என்ற கம்யூனிஸ்ட் தலைவர் பிரதமரானார். அவர் முதலாளித்துவவாதி இல்லை, வாழ்நாள் முழுக்கக் கட்சிக்காரர். ஆஸ்திரியாவைப் போல நாங்களும் யார் பக்கமும் இல்லாமல் இருக்கிறோம் என்பதுதான் அவர் கேட்டது. நவம்பர் 1 அன்று வார்சா ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்து, அதை சோவியத் தூதரிடம் நேரில் தெரிவித்தார். அந்தத் தூதர் யூரி ஆந்த்ரோபோவ். பிற்காலத்தில் சோவியத் தலைவரானாரே, அவரேதான்.

நவம்பர் 3 இரவு, படை விலகல் பற்றிப் பேசப் போன ஹங்கேரியப் பாதுகாப்பு அமைச்சரைப் பேச்சுவார்த்தை மேஜையிலேயே கைது செய்தார்கள். நவம்பர் 4 விடியற்காலை டாங்கிகள் நகருக்குள் நுழைந்தன. சுமார் 2,500 ஹங்கேரியர்கள் இறந்தார்கள். சோவியத் வீரர்கள் 700 பேர் வரை இறந்தார்கள். அவர்களும் யார் வீட்டுப் பிள்ளைகளோதான். சுமார் 2 லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். ஒரு கோடி மக்கள்கூட இல்லாத நாடு அது. 1958 ஜூன் 16இல் இம்ரே நாஜைத் தூக்கிலிட்டார்கள்.

மேற்கு நாடுகள் என்ன செய்தன? அமெரிக்கப் பணத்தில் நடந்த வானொலியைக் கேட்டு, உதவி வரும் என்று நம்பியவர்கள் பலர். ஒரு சிப்பாய்கூட வரவில்லை. அதே வாரத்தில் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலுடன் சேர்ந்து சூயஸ் கால்வாய்க்காக எகிப்து மீது பாய்ந்திருந்தன, அதுவும் அமெரிக்காவுக்குச் சொல்லாமல். சின்ன நாட்டை மிதிக்காதே என்று மாஸ்கோவைப் பார்த்துச் சொல்லும் வாய் அப்போது அவர்களுக்கு இல்லை. நம் நேருவும் சூயஸைக் கண்டித்த வேகத்தில் ஹங்கேரி விஷயத்தில் பேசவில்லை என்ற விமர்சனம் அன்றே எழுந்தது.

அடுத்து பெர்லினையும் கியூபாவையும் சொல்லிவிடுகிறேன். நேருக்கு நேர் மோதினார்களா என்ற கேள்விக்கு மிக அருகில் வந்தவை அவைதான். 1961 ஆகஸ்டில் சுவர் எழுந்தது. அக்டோபர் கடைசியில் செக்பாயிண்ட் சார்லி என்ற சோதனைச் சாவடியில் அமெரிக்க டாங்கிகளும் சோவியத் டாங்கிகளும் சில நூறு அடி இடைவெளியில் பீரங்கியை நீட்டியபடி ஏறக்குறைய 16 மணி நேரம் நின்றன. பிறகு இந்தப் பக்கம் ஒன்று பின்வாங்க, அந்தப் பக்கம் ஒன்று பின்வாங்க, பிரிந்துபோனார்கள். இரண்டு பேரிடமும் அணுகுண்டு இருந்ததால் வந்த நிதானம் அது.

1962 அக்டோபரில் கியூபா. சோவியத் ஏவுகணைகள் திரும்பிப்போயின என்று பாடப்புத்தகம் சொல்லும். துருக்கியில் இருந்த அமெரிக்க ஜூபிடர் ஏவுகணைகளையும் எடுத்துவிடுகிறோம் என்று கென்னடி தரப்பு ரகசியமாக வாக்குக் கொடுத்து, அடுத்த வருடம் எடுத்தும்விட்டது. துருக்கி நேட்டோ உறுப்பினர், ஆனால் இந்தப் பேரத்தை அதனிடம் சொல்லவில்லை. அந்தப் பக்கம் காஸ்ட்ரோவையும் குருஷேவ் கலந்துகொள்ளவில்லை. பெரியவர்கள் இருவரும் பேசி முடித்துக்கொண்டார்கள். யார் வீட்டு முற்றத்தில் நெருப்பை வைத்தார்களோ அவர்களை யாரும் கேட்கவில்லை. கூட்டணியில் சின்ன நாட்டின் இடம் எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இப்போது பாரிஸ், 1966. நேட்டோவின் வாசலை ஒருவர் தட்டிப் பார்த்தார். பிரெஞ்சு அதிபர் டிகால். பிரெஞ்சுப் படை அமெரிக்கத் தளபதியின் கீழ் இருக்காது, எங்கள் மண்ணில் இருக்கும் அந்நியப் படைகள் 1967 ஏப்ரல் 1க்குள் கிளம்ப வேண்டும் என்று ஜான்சனுக்குக் கடிதம் எழுதிவிட்டார். அமெரிக்கர்களுக்குக் கடும் கோபம். பிரான்சை விடுவிக்க வந்து செத்து அங்கேயே புதைந்து கிடக்கும் எங்கள் பிள்ளைகளையும் தோண்டி எடுத்துப்போக வேண்டுமா என்று வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் கேட்டதாகச் சொல்வார்கள். கோபம் அவ்வளவு. ஆனால் டாங்கி வரவில்லை. லாரி வந்தது. சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு தலைமையகம் பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்குப் போனது. பிரான்ஸ் ஒப்பந்தத்தில் மட்டும் இருந்துகொண்டு, படைத் தலைமைக்கு வெளியே நின்றது. தானாக மனம் மாறித் திரும்பி வந்தது 2009இல்.

பாக்தாத் ஒப்பந்தம் என்று இன்னொரு கூட்டணி இருந்தது, நம் பக்கத்து வீட்டுப் பாகிஸ்தானும் அதில் உறுப்பினர். 1958 புரட்சிக்குப் பிறகு 1959இல் ஈராக்கே அதிலிருந்து விலகியது. பாக்தாத் இல்லாத பாக்தாத் ஒப்பந்தம்! தலைமையகத்தை அங்காராவுக்கு மாற்றிக்கொண்டு, பெயரையும் மாற்றிக்கொண்டார்கள்.

கடைசியாக பிராக், 1968. அப்போது நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன். டீக்கடைப் பேப்பரில் ஓரமாகப் படித்த ஞாபகம்.

அந்த வருடம் ஜனவரியில் செக்கோஸ்லோவாக்கியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவரானவர் அலெக்சாண்டர் டூப்செக். பத்திரிகைத் தணிக்கையை எடுத்தார். மனித முகம் கொண்ட சோஷலிசம் என்றார். ஹங்கேரிக்கு நடந்ததைப் பார்த்தவர் என்பதால், வார்சா ஒப்பந்தத்தை விட்டுப் போக மாட்டோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வாசல் பக்கம் அவர் போகவே இல்லை. வீட்டுக்குள் ஜன்னலை மட்டும்தான் திறந்தார்.

ஆகஸ்ட் 20 இரவு சோவியத், போலந்து, ஹங்கேரி, பல்கேரியப் படைகள் எல்லை தாண்டின. முதல் கட்டத்திலேயே சுமார் 2 லட்சம் வீரர்கள், 2,000 டாங்கிகள். கிழக்கு ஜெர்மன் படையைக் கடைசி நேரத்தில் எல்லையிலேயே நிறுத்தினார்கள், ஜெர்மன் சீருடை மறுபடி பிராகுக்குள் வந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று. இதில் என் மனதை அறுப்பது ஹங்கேரி. 12 வருடத்துக்கு முன்பு எந்த நாட்டின் தெருவில் டாங்கி ஓடியதோ, அந்த நாட்டுப் பிள்ளைகளையே இப்போது அடுத்தவர் தெருவுக்கு அனுப்பினார்கள்.

செக் ராணுவம் சுடவில்லை. ஜனங்கள் தெருப் பெயர்ப் பலகைகளையும் ஊர்ப் பலகைகளையும் கழற்றிவிட்டார்கள். வந்த படைக்கு வழி தெரியவில்லை. சில இடங்களில் மாஸ்கோவுக்கு இந்த வழி என்று அம்புக்குறி மட்டும் எழுதி வைத்தார்கள். ரஷ்ய மொழி தெரிந்தவர்கள் டாங்கி மேல் ஏறி, "ஏன் வந்தீர்கள்?" என்று கேட்டார்கள். பல சிப்பாய்களுக்குத் தாங்கள் எந்த ஊரில் நிற்கிறோம் என்பதே தெரியவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த ஜனவரியில் யான் பலாக் என்ற கல்லூரி மாணவன் பிராகின் நடுச் சதுக்கத்தில் தன்னைக் கொளுத்திக்கொண்டான். வயது 20.

இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ருமேனியா படை அனுப்ப மறுத்து, வெளிப்படையாகக் கண்டித்தது. அல்பேனியா அந்த செப்டம்பரில் கூட்டணியை விட்டே விலகியது. அதற்கும் சோவியத் எல்லைக்கும் தொடர்பே இல்லாததால் தப்பித்தது. இன்னொன்று, ஆகஸ்ட் 25 அன்று மாஸ்கோவின் செஞ்சதுக்கத்திலேயே 8 பேர் எதிர்ப்புப் பதாகையோடு உட்கார்ந்தார்கள். சில நிமிடங்களில் பிடித்துக்கொண்டு போனார்கள். ரஷ்யர்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இதைப் படித்துவிட்டு, மேற்கு நாடுகள் எல்லாம் உத்தமர்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். சுதந்திர உலகம் என்று சொல்லிக்கொண்ட நேட்டோவைத் தொடங்கிய நாடுகளில் ஒன்று சலாசர் என்ற சர்வாதிகாரியின் போர்ச்சுகல். 1967இல் கிரீஸில் ராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்து, 7 வருடம் எதிர்ப்பாளர்களைச் சித்திரவதை செய்தபோதும் அது நேட்டோவில்தான் இருந்தது. 1974இல் சைப்ரஸ் தீவுக்காகக் கிரீஸும் துருக்கியும் போரின் விளிம்புக்குப் போனார்கள், இரண்டும் ஒரே கூட்டணி. கூட்டணிக்கு வெளியே அமெரிக்கா செய்தது இன்னும் கொடுமை. 1953இல் ஈரானிலும் 1954இல் குவாத்தமாலாவிலும் மக்கள் ஆதரவு பெற்ற அரசுகளைக் கவிழ்க்க உளவுத்துறையை ஏவியது. ஐரோப்பாவில் பிரான்சுக்குக் கிடைத்த வாசல் லத்தீன் அமெரிக்காவில் குவாத்தமாலாவுக்குக் கிடைக்கவில்லை. கொரியாவிலும் வியட்நாமிலும் பிறகு ஆப்கானிஸ்தானிலும் செத்தவர்கள் லட்சக்கணக்கில். இரண்டு யானைகளும் மோதிக்கொள்ளவில்லை தம்பி. அடுத்தவன் வயலில் இறங்கி மிதித்தன.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1986இல் எனக்கு இதில் பாதியாவது தெரியும். ஹங்கேரி தெரியும், பிராக் தெரியும். பிறகு ஏன் சொல்லவில்லை? என்னைச் சேர்ந்தவர்களுக்குத் தெரியும், என் அலமாரி முழுக்க மாஸ்கோவிலிருந்து வந்த முன்னேற்றப் பதிப்பகம், மிர், ராதுகா புத்தகங்கள். சில ரூபாய்க்குக் கெட்டி அட்டை போட்ட புத்தகம் வேறு யார் கொடுத்தார்கள்? 'சோவியத் நாடு' பத்திரிகையின் பளபளப்புத் தாளில்தானே உங்களில் பலர் நோட்டுக்கு அட்டை போட்டீர்கள். பிலாய் உருக்காலை, நம் நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம், எல்லாம் அவர்கள் உதவியில் எழுந்தவை. 1971இல் அமெரிக்கா தன் போர்க்கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியபோது நம் பக்கம் நின்றவர்கள் அவர்கள். நன்றி இருந்தது. அது தவறில்லை.

அதே ஆசிரியர் அறையில் ஆங்கிலம் நடத்தியவர் 'ஸ்பான்' பத்திரிகை வாங்குவார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குள்ளேயே ஒரு பனிப்போர் நடக்கும். நான் பிராகைப் பற்றி வகுப்பில் சொன்னால் அவர் ஜெயித்துவிடுவார் என்று நினைத்தேன். இவ்வளவுதான் விஷயம். ஒரு பையன் நேர்மையாகக் கேட்ட கேள்வியை, என் மேஜைச் சண்டையில் தோற்றுவிடக் கூடாது என்பதற்காக அமுக்கினேன். பாடத்தில் இல்லை என்பது சாக்கு. நன்றி வேறு, வரலாறு வேறு என்று பிரித்துப் பார்க்க எனக்கு அன்று தெரியவில்லை.

நான் அந்தப் பாடம் நடத்துவதற்கு முந்தைய வருடம், 1985 ஏப்ரலில், வார்சா ஒப்பந்தத்தை இன்னும் 20 வருடத்துக்குப் புதுப்பித்திருந்தார்கள். ஆறு வருடத்துக்குச் சற்று மேல்தான் தாங்கியது. கோர்பச்சேவ் இனி டாங்கி வராது என்பதைப் புரியவைத்தார். அவ்வளவுதான், 1989இல் ஒரே வருடத்துக்குள் ஒவ்வொரு நாடாக வெளியே வந்தது. அந்த ஜூன் 16 அன்று புடாபெஸ்டில் இம்ரே நாஜின் உடலை எடுத்து மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். நவம்பர் 9இல் பெர்லின் சுவர் திறந்தது. அந்த மாதமே, வனத்துறை வேலைக்கு ஓரங்கட்டப்பட்டிருந்த டூப்செக் பிராகில் மாடத்தில் நின்று கையசைத்தார், கீழே கூட்டம் அழுதது. 1991 பிப்ரவரியில் வார்சா கூட்டணியின் ராணுவ அமைப்பைக் கலைக்கக் கையெழுத்திட்ட இடம் புடாபெஸ்ட். ஜூலை 1இல் ஒப்பந்தத்தையே முடித்துவைத்த இடம் பிராக். யாரோ வேண்டுமென்றே தேர்ந்தெடுத்ததுபோல இருக்கிறது.

1999இல் போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு மூன்றும் நேட்டோவில் சேர்ந்தன. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். நேட்டோ எங்கள் வாசல் வரை வந்துவிட்டது என்று ரஷ்யா சொல்வதையும் நான் காதில் வாங்கிக்கொள்கிறேன். எதிரி மறைந்த பிறகுதான் நேட்டோ முதன்முதலாகக் குண்டு போட்டது, 1990களில் பால்கன் பகுதியில். 1999இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் அனுமதி இல்லாமலே போட்டது. ஐந்தாவது பிரிவைப் பயன்படுத்தியது ஒரே முறை, 2001 செப்டம்பரில், அமெரிக்காவுக்காக. இவையெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். ஆனால் அந்தச் சின்ன நாடுகள் தாங்களாகவே வரிசையில் போய் நின்றார்கள் என்பதை மறைத்துவிட்டு அந்தக் கேள்விகளைக் கேட்கக் கூடாது. இன்று உக்ரைனில் விழும் குண்டுகளுக்கும் இந்தப் பழைய கணக்குக்கும் தொடர்பு உண்டு.

நம் குடும்பங்களில் பாகப்பிரிவினை பார்த்தவர்கள் நீங்கள். சேர்ந்திருக்கும்போது எல்லோரும் நல்லவர்கள்தான். ஒருவர் தனியாகப் போகிறேன் என்று சொல்லும்போதுதான் மற்றவர்கள் யார் என்று தெரியும். நாடுகளுக்கும் அதுதான். கரும்பலகையில் இரண்டு பக்கமும் நாடுகளின் பெயரையும் வருடத்தையும் எழுதினேன். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்: விலக நினைத்தவர்களுக்கு என்ன நடந்தது? புடாபெஸ்டுக்கு டாங்கி போனது, பாரிஸுக்கு லாரி போனது, குவாத்தமாலாவுக்கு உளவுத்துறை போனது. மூன்றையும் எழுதியிருந்தால் அது ஐந்து மார்க் கேள்வியாக இருந்திருக்காது.

இந்தப் பதிவை எழுதி முடித்ததும் அந்த மாணவருக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி சார், இப்ப உட்காரலாமா?" என்றார். நான் சிரித்தேன். அவர் மகள் பின்னாலிருந்து இன்னொரு கேள்வி கேட்டாள்: "தாத்தா, அந்த ஸ்பான் வாங்கின சார் குவாத்தமாலா பத்தி வகுப்புல சொன்னாரா?" அவர் இப்போது உயிரோடு இல்லை அம்மா. இருந்திருந்தால் இன்று இரண்டு பேரும் சேர்ந்து இந்தப் பதிவை எழுதியிருப்போம்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை எழுந்து நின்று கேட்டால், தெரியாது என்றாவது சொல்லுங்கள், உட்கார் என்று சொல்லாதீர்கள். நான் உட்கார வைத்த வேறு யாராவது இங்கே இருந்தால், அந்தக் கேள்வியைக் கீழே எழுதுங்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன். கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்